பஞ்சு வீடு

கரிசல் மண்ணிலே ஒரு கல்வீடு. முகப்பிலே தேக்குத் தூண்கள். இருபுறமும் வழவழப்பான திண்ணை. நடுவே வானம் பார்த்த முற்றம். அந்த வீட்டிலேதான் நாம் பிறந்தோம். ஊரார் அதனைப் 'பஞ்சு வீடு' என்பர். ஏன் அந்தப் பெயர் என்று சிறு வயதிலே பாட்டியைக் கேட்டோம். பாட்டியின் முகத்திலே பெருமிதம் பொங்கிற்று. "சீமையில சண்டை வந்துச்சுப்பா. அது நடந்த நாலு வருசமும் நம்ம காட்டுப் பருத்தி பொன்னா வித்துச்சு. அந்தப் பொன்னுல எழும்பின வீடு இது!"

எந்தச் சீமை? யாருக்கும் யாருக்கும் சண்டை? எதற்காகச் சண்டை? பாட்டிக்குத் தெரியாது. அவருக்கு அவர் மாமியார் சொன்னது. மாமியாருக்கு அவருடைய மாமியார் சொன்னது. சண்டையின் பெயர் மறந்துபோயிற்று, சாவு மறந்துபோயிற்று, நினைவிலே நின்றது பருத்தியின் விலை ஒன்றே!

விடை கிடைத்தது ஊர்ப் படிப்பகத்திலே. பகுத்தறிவு நூல்கள் அடுக்கப்பட்ட பலகையிலே, அட்டை கிழிந்த சிறு நூல் ஒன்று. இங்கர்சாலின் சொற்பொழிவு. நம் இயக்கத்தார் தமிழிலே தந்து, தம் பிள்ளைகளுக்கும் பெயராகச் சூட்டி மகிழ்ந்தனரே, அதே இங்கர்சால்! ஆனால் அட்டையிலே 'கர்னல் இங்கர்சால்' என்றிருந்தது. கடவுளையும் நரகத்தையும் கேள்விக்கணையால் துளைத்த நாவலருக்குக் கர்னல் பட்டம் ஏன்? எந்தப் படையிலே இருந்தார்? எந்தப் போரிலே நின்றார்? தேடினோம். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவை இரு கூறாக்கிய உள்நாட்டுப் போர்! பாட்டி சொன்ன சீமைச் சண்டையும் அதுவே! நம் வீட்டுத் தூணும், நம் கையிலிருந்த ஏடும் ஒரே போர்க்களத்தின் வரவுகள். ஒன்று எமக்குச் செல்வம் தந்தது. மற்றொன்று எமக்குச் சிந்தனை தந்தது. அன்று முதல் அந்தப் போரை நாம் விடவில்லை. அதுவும் நம்மை விடவில்லை.

போர் ஏன் மூண்டது? 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க ஐக்கிய நாட்டு மக்கள் 3 கோடியே 14 இலட்சம். அவருள் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் அடிமைகள். மாடு விற்பது போல் மனிதரை விற்றனர். தாயை ஒருவனுக்கும் சேயை மற்றொருவனுக்கும் ஏலம் போட்டனர். தென் மாநிலங்களிலே அவர்கள் எடுத்த பருத்திதான் இங்கிலாந்து ஆலைகள் நூற்ற பஞ்சிலே ஏறத்தாழ முக்காற்பங்கு. புதிய நிலப்பரப்புகளிலே அடிமை முறை பரவக்கூடாது என்ற கொள்கையோடு ஆபிரகாம் லிங்கன் 1860 நவம்பரிலே குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் 11 மாநிலங்கள் பிரிந்தன. ஜெபர்சன் டேவிசைத் தலைவராகக் கொண்டு தனிக் கூட்டரசு அமைத்தன.

இங்கே நம் தோழர்கள் சற்று நின்று எண்ண வேண்டும். தென்னவர் முழங்கிய முழக்கம் 'மாநில உரிமை'! மாநில சுயாட்சி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சொல் நம் செவிக்கு இனியது. படிக்கத் தொடங்கிய நாளிலே நமக்கும் ஒரு மயக்கம் ஏற்பட்டதை மறைப்பானேன்? ஆனால் ஏட்டைப் புரட்டப் புரட்ட மயக்கம் தெளிந்தது. தப்பியோடிய அடிமையை வட மாநிலத்தார் பிடித்துத் தரவேண்டும் என்று 1850இலே நடுவண் அரசின் சட்டத்தால் கட்டாயப்படுத்தியவர் யார்? இதே தென்னவர்தாம்! வட மாநிலத்தின் உரிமை அன்று அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்களின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சிலே ஒளிவு மறைவின்றிப் பேசினார்: வெள்ளையனுக்குக் கறுப்பன் சமமல்லன் என்பதே எங்கள் அரசின் மூலைக்கல் என்ற கருத்தை! உரிமை என்ற சொல் மட்டும் போதாது, தோழர்களே! யாருடைய உரிமை, யாரை என்ன செய்வதற்கான உரிமை என்று கேட்டாக வேண்டும். தன்னை ஆளக் கேட்பது உரிமை. பிறனை உடைமையாக்கக் கேட்பது கொள்ளை.

மதம் என்ன செய்தது? அன்பே கடவுள் என்று பாடிய ஆலயங்கள், அடிமை முறை பற்றிய வழக்கிலே இரண்டாகப் பிளந்தன. மெதடிஸ்டுகள் 1844இல் பிளந்தனர். பாப்டிஸ்டுகள் 1845இல் பிளந்தனர். ஒரே வேதத்தை ஏந்தி, அடிமை கூடாது என்றார் ஒரு பாதிரியார். அடிமை முறை ஆண்டவன் கட்டளை என்றார் மற்றொருவர். நோவாவின் சாபத்தைக் காட்டிக் கறுப்பினத்தைக் காலங்காலமாக அடிமை என்றனர். பிரமனின் காலிலே பிறந்தவர் என்று சொல்லக் கேட்ட நமக்கு, இந்தச் சாபக் கதை புதிதாகத் தோன்றுமோ?

1861 ஏப்ரல் 12. சம்டர் கோட்டை மீது தென்னவரின் பீரங்கி முழங்கியது. மூன்று மாதப் பணிக்கு 75,000 பேர் போதும் என்று அழைத்தார் லிங்கன். அத்தனை எளிதாக முடிந்துவிடும் என்று எண்ணினர்! ஜூலையிலே புல் ரன் களத்துக்கு, வாஷிங்டன் நகரத்துச் சீமான்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கச் சென்றனர். மாலையிலே, தோற்றோடிய தம் படையோடு தாமும் தலைதெறிக்க ஓடிவந்தனர். போர் திருவிழா அன்று என்பது அன்று விளங்கிற்று.

வடபுலத்திடம் ஆலைகள், இருப்புப்பாதை, கப்பல், மக்கள் தொகை. தென்புலத்திடம் தேர்ந்த தளபதிகள், தன் மண்ணிலே நின்று தடுக்கும் வாய்ப்பு. கடற்கரை முழுதும் கப்பலால் அடைப்பது, மிசிசிப்பி ஆற்றைக் கைப்பற்றித் தென்புலத்தை இரண்டாக வெட்டுவது, இதுவே வடவரின் திட்டம். துப்பாக்கிகள் புதியவை, குழலின் உட்புறத்திலே சுழல்வரி வெட்டப்பட்டவை, நெடுந்தொலைவு குறி தவறாமல் பாய்பவை. தளபதிகளின் போர்முறையோ பழையது. தோளோடு தோள் நின்று அணிவகுத்துச் செல்வது! விளைவு என்ன? 1862 ஏப்ரலிலே ஷைலோவில் இரண்டே நாளில் இரு தரப்பிலும் 23,000 பேருக்கு மேல் மாண்டும் காயமுற்றும் காணாமற்போயும் வீழ்ந்தனர். அந்தக் களத்திலேதான் 11ஆம் இல்லினாய் குதிரைப்படையின் கர்னலாக இங்கர்சால் நின்றார். அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் ஓடையருகே ஒரே பகலில் ஏறத்தாழ 23,000 பேர்! 1863 ஜூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க்கிலே ஏறத்தாழ 51,000 பேர்! மறுநாள், ஜூலை 4, விக்ஸ்பர்க் கோட்டை கிராண்ட் தளபதியிடம் பணிந்தது. மிசிசிப்பி ஆறு வடவர் வசமாயிற்று. 1864 செப்டம்பரிலே அட்லான்டா வீழ்ந்தது. ஷெர்மன் படை கடல் நோக்கிச் சுட்டெரித்துச் சென்றது. பீட்டர்ஸ்பர்க்கிலே ஒன்பது மாதத்துக்கு மேலாகப் பதுங்குகுழிப் போர். 1865 ஏப்ரல் 9 அன்று அப்பமாட்டக்சிலே லீ தளபதி சரணடைந்தார். ஐந்தே நாள் கழித்து லிங்கன் சுடப்பட்டார்.

மாண்டவர் எத்தனை பேர்? 6,20,000 என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். இந்நூற்றாண்டின் ஆய்வாளர் மக்கள் தொகைக் கணக்கை மீண்டும் துருவி, ஏழு இலட்சம் என்ற அளவுக்கு அதனை உயர்த்தியுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது குண்டு அன்று. வயிற்றுப்போக்கும் நச்சுக் காய்ச்சலும்! எத்தனை வீட்டிலே எத்தனை தாயர் வாயிலைப் பார்த்துக் காத்திருந்தனரோ! அதே நாளிலே, கடல் கடந்த கரிசற் காட்டிலே, எம் முன்னோர் பருத்தி வண்டியைத் தூத்துக்குடிக்கு ஓட்டினர். அமெரிக்கப் பஞ்சு அடைபட்டதால் நம் நாட்டுப் பஞ்சின் விலை ஏறிற்று. ஏறியதற்கு மேலும் ஏறிற்று.

இங்கே இன்னொரு காட்சியையும் சொல்லியாக வேண்டும். பஞ்சு வரவில்லை; இலங்காஷயர் ஆலைகள் மூடின; இலட்சக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியிலே வாடின. தென்னவரை ஆதரி, பஞ்சு வரும் என்றனர் பணம் படைத்தோர் பலர். ஆனால் 1862ஆம் ஆண்டின் கடைசி நாளன்று மான்செஸ்டர் நகரிலே கூடிய தொழிலாளர், அடிமை முறையை ஒழிக்கும் முயற்சிக்குத் துணை நிற்போம் என்று லிங்கனுக்கு மடல் தீட்டினர். 1863 ஜனவரியிலே லிங்கன் நன்றி கூறி விடை எழுதினார். வயிறு காய்ந்தவன் நெறியைக் கண்டான். பெட்டி நிறைந்த எம் முன்னோர் விலையைக் கண்டனர்!

அடிமைகளை விடுவித்தவர் லிங்கன் என்பர். 1863 ஜனவரி 1 அன்று அவர் வெளியிட்ட விடுதலை அறிக்கையின் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் அறிக்கை வருமட்டும் அடிமைகள் கைகட்டி நின்றனரா? 1861 மே மாதம், போர் தொடங்கி ஆறே வாரத்தில், வர்ஜினியாவிலே மூன்று அடிமைகள் இரவோடிரவாகத் தப்பி மன்றோ கோட்டைக்கு வந்தனர். திருப்பி அனுப்ப மறுத்தார் அங்கிருந்த தளபதி. செய்தி பரவிற்று, மூவர் நூறாயினர், நூறு ஆயிரமாயிற்று. 1862 மே 13 அன்று சார்லஸ்டன் துறைமுகத்திலே ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி, வெள்ளைத் தலைவன் கரையிலே உறங்கிய வேளையில், அவன் தொப்பியை அணிந்து, மனைவி மக்களையும் தோழரையும் ஏற்றிக்கொண்டு, தென்னவரின் கப்பலைப் பீரங்கிகளின் வாய்க்கு முன்னாலேயே ஓட்டிச் சென்று வடவரிடம் சேர்த்தார். பின்னாளில் அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமர்ந்தார். ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர் வடவர் படையிலே சேர்ந்தனர். வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கோ 10 டாலர், அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம்! 54ஆம் மாசசூசெட்ஸ் படையினர் அந்தக் குறைகூலியைத் தொடவே மறுத்தனர். 1863 ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டை மதிலேறி மடிந்தனர். ஆனால் இழிவான கூலிக்குக் கை நீட்டவில்லை. 1864இலே சம ஊதியச் சட்டம் வந்தது. தன்மானம் என்ற சொல்லுக்கு உரை வேண்டுமாயின் இதோ உரை!

இனி இருவரைப் பற்றிச் சொல்லுவோம். 1862 டிசம்பர் 18. டென்னசி மாநிலத்து லெக்சிங்டனிலே நடந்த சண்டையில் கர்னல் இங்கர்சால் சிறைப்பட்டார். சிறைப்பிடித்த தளபதியின் பெயர் நாதன் பெட்போர்ட் பாரஸ்ட். போருக்கு முன் மெம்பிஸ் நகரிலே மனிதரை விற்றுப் பொருள் குவித்தவன். 1864 ஏப்ரலிலே பில்லோ கோட்டையைப் பிடித்தபோது, சரணடைய முனைந்த கறுப்பு வீரரை வெட்டியும் சுட்டும் வீழ்த்தியது இவன் படை. போருக்குப் பின், முகமூடி அணிந்து இரவிலே கொலைசெய்த கூ கிளக்ஸ் கிளானுக்கு முதல் தலைவனானவனும் இவனே.

இங்கர்சால் சில நாளிலேயே வாக்குறுதியின் பேரில் விடுவிக்கப்பட்டார்; 1863இலே படையை விட்டு விலகினார். ஆனால் போரை விட்டு விலகவில்லை. அடிமையாய்ப் பிறந்து நாவலராய் ஓங்கிய பிரடெரிக் டக்ளஸ், பியோரியா நகரிலே ஒருமுறை தங்க இடம் கிடைக்காமல் கடுங்குளிர் இரவைத் தெருவிலே நடந்து கழித்தவர். மீண்டும் அவ்வூர் செல்ல நேர்ந்தபோது நண்பர் ஒருவர் அவருக்குச் சொன்னாராம்: எந்த நள்ளிரவிலும் உமக்குக் கதவு திறக்கும் வீடு ஒன்று அங்கே உண்டு, அது இங்கர்சால் வீடு என்று. மறுநாட் காலை டக்ளஸ் அங்கே சென்றார். மனமுவந்த வரவேற்பைப் பெற்றார். ஆண்டவன் பெயரைச் சொன்னவரின் கதவுகள் அடைபட்டிருந்த ஊரிலே, ஆண்டவனை ஏற்காதவன் கதவு திறந்தது! 1875இன் குடியுரிமைச் சட்டத்தை உச்சநீதிமன்றம் 1883இலே வெட்டி வீழ்த்தியபோது, வாஷிங்டன் கூட்டத்திலே கண்டனக் குரல் எழுப்பிய இருவர் இதே டக்ளசும் இதே இங்கர்சாலுந்தான்.

சரி, போரிலே வென்றவர் வடவர். அமைதியிலே வென்றவர் யார்? 1865இல் அடிமை முறை ஒழிப்பு, 1868இல் குடியுரிமை, 1870இல் வாக்குரிமை என்று அரசியல் சட்டத்திலே மூன்று திருத்தங்கள் வந்தன. மிசிசிப்பி மாநிலத்திலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் 1870இலே செனட் அவையில் அமர்ந்தார். ஆனால் நிலம்? விடுதலை பெற்றோர்க்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை என்று ஷெர்மன் 1865 ஜனவரியிலே ஆணையிட்டார். அதே ஆண்டிலே புதிய தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலத்தைப் பழைய பண்ணையாரிடமே திருப்பினார். உழுதவன் குத்தகையாளனாகி, கடனாளியாகி, மீண்டும் பண்ணையாரின் காலடிக்கே வந்தான். அடிமை முறை கூடாது, குற்றத் தண்டனையாக அன்றி என்றது சட்டம். அந்த ஒரு வாசகத்தைப் பிடித்துக்கொண்டு, வேலையின்றித் திரிந்தான் என்று குற்றஞ்சாட்டிச் சிறைப்படுத்தி, அந்தக் கைதிகளைப் பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் வாடகைக்கு விட்டனர். 1877இலே நடுவண் படை காவலைக் கைவிட்டது. 1890இல் மிசிசிப்பி, வாக்களிக்க வரியும் வாசிப்புத் தேர்வும் விதித்தது. 1896இல் உச்சநீதிமன்றம், பிரித்து வைப்பது சட்டப்படி சரியே என்றது. தனி இருக்கை, தனிப் பள்ளி, தனிக் குழாய்! தனிக் குவளை கண்ட நாட்டினர்க்கு இதனை விளக்க வேண்டுமோ?

உடலை மட்டுமா கட்டினர்? நினைவையும் கட்டினர். 1894இலே தொடங்கிய தென்னகப் பெருங்குடிப் பெண்டிரின் சங்கம் ஒன்று, ஊர்தோறும் சிலை நாட்டியது. பள்ளிப் பாடநூலைக் கண்காணித்தது. அடிமைகள் மகிழ்ந்திருந்தனர், எசமானர் தந்தையர்போல் காத்தனர், போர் நடந்தது மாநில மானத்துக்காக என்று பிள்ளைகளுக்குப் போதித்தனர். மனிதரை விற்ற பாரஸ்டுக்கு 1905இலே மெம்பிசில் குதிரைமேல் சிலை எழுந்தது. தோற்றவன் வாளை வைத்தான், எழுதுகோலை எடுத்தான், வென்றான்!

அந்தப் பொய்யை வீழ்த்த இன்னொரு தலைமுறை குருதி சிந்த வேண்டியிருந்தது. 1964இல் குடியுரிமைச் சட்டம். 1965இல் வாக்குரிமைச் சட்டம். நூறாண்டு கழித்து! அதன்பின்னும் முடிந்ததா? 2013இலே வாக்குரிமைச் சட்டத்தின் காவற் பிரிவை உச்சநீதிமன்றம் செயலற்றதாக்கியது. 2015இலே சார்லஸ்டன் ஆலயத்திலே, வழிபட வந்த கறுப்பினத்தார் ஒன்பது பேரை இனவெறியன் ஒருவன் சுட்டுக் கொன்றான். 2017 டிசம்பரிலே பாரஸ்டின் சிலை இறங்கிற்று. ஆனால் 2021 ஜனவரி 6 அன்று, போரின் நான்காண்டிலும் வாஷிங்டன் மன்றத்துக்குள் நுழைய முடியாத தென்னவர் கொடி, கலகக்காரன் ஒருவன் தோளிலே உள்ளே நுழைந்தது. தென்னகத் தளபதி பிராகின் பெயர் தாங்கிய படைத்தளத்துக்கு 2023இலே 'விடுதலை' என்று பெயர் மாற்றினர். 2025இலே, அதே பெயருடைய வேறொரு வீரரைக் காட்டிப் பழைய பெயரை மீட்டுக்கொண்டனர். அப்பமாட்டக்சிலே துப்பாக்கி ஓய்ந்தது, சண்டை ஓயவில்லை.

இவற்றையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. எம் உறவினர் கூடிக் குடும்ப மலர் ஒன்று வெளியிட முனைந்தனர். எழுத்துப் பழக்கம் உடையவர் என்று, பஞ்சு வீட்டின் வரலாற்றை எழுதும் பொறுப்பை நம்மிடம் தந்தனர். பெரியப்பா குறிப்பும் தந்தார்: "நம்ம வீட்டுல வேலைக்காரங்கள எல்லாம் பிள்ளைங்க மாதிரி வச்சிருந்தோம், அதை மறக்காம எழுதுப்பா!"

பிள்ளைகள் மாதிரி! அந்தச் சொல்லைக் கேட்டதும், அமெரிக்கப் பாடநூல்தான் நம் கண்முன் விரிந்தது. எந்தப் பிள்ளை கொல்லைப்புற வாயிலில் நின்று குரல் கொடுக்கும்? எந்தப் பிள்ளைக்குச் சிரட்டையிலே நீர் வார்ப்பர்? அந்தத் தேக்குத் தூணுக்குப் பருத்தி எடுத்தவர் சேரிப் பெண்கள். எடுத்ததிலே ஒரு சிறு பங்கு கூலி. விலை பொன்னானபோது அந்தக் கூலியும் பொன்னாயிற்றா என்று பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. அந்தப் பெண்களின் பேரன் ஒருவன் நம்மோடு பள்ளியிலே படித்தான். விளையாட வந்தவன் திண்ணையோரம் நின்றுவிடுவான். உள்ளே வா என்று நாம் அழைத்ததில்லை. எட்டு வயதுச் சிறுவன்தானே என்று சாக்குச் சொல்லலாம். இங்கர்சாலைப் படித்தது பதினெட்டிலே! அதன் பின்னும் ஓராண்டு ஈராண்டு நாம் அழைக்கவில்லை என்பதே உண்மை. மேடையிலே சமத்துவம் பேசினோம். வீட்டு வாயிலிலே மௌனம் காத்தோம்.

இதனை அப்படியே எழுதிக் கொடுத்தோம். பெரியப்பா படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், "வீட்டைக் கேவலப்படுத்திட்டியே" என்றார். மலர் வந்தது, நம் பக்கம் வரவில்லை. அவர் குறிப்பு வந்தது. பிள்ளைகள் மாதிரி வைத்திருந்தோம் என்ற வரி அச்சேறியது. நாளை எம் பேரப்பிள்ளைகள் அதனையே வரலாறு என்று படிப்பர். ஆகவேதான், அங்கே இடம் பெறாத பக்கத்தை இங்கே எழுதுகிறோம்.

மராட்டியத்துச் சீர்திருத்தச் செம்மல் சோதிராவ் புலே, 1873இலே 'குலாம்கிரி' என்ற நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்குப் படையலாக்கினார். போர் முடிந்து எட்டே ஆண்டு! அந்தப் போரிலே எம் முன்னோர் விலையைக் கண்டனர். புலே வழியைக் கண்டார். கண் ஒன்றுதான், பார்வை வேறு.

தோழர்களே! சட்டம் வந்துவிட்டது, வென்றுவிட்டோம் என்று நம் படிப்பகங்களிலே பேசுவோர் உண்டு. களத்திலே வென்ற வடவர், நிலத்தைத் தரவில்லை, பள்ளியைக் காக்கவில்லை, நினைவைப் பகைவனிடம் ஒப்படைத்தனர். பன்னிரண்டே ஆண்டிலே அமைதியைத் தோற்றனர். அந்தப் பிழை நமக்கு வேண்டாம். உங்கள் வீட்டுப் பெருமைக் கதையைக் கேளுங்கள். பின்பு, அந்தக் கதையிலே கொல்லைப்புறம் நின்றவர் யார் என்றும் கேளுங்கள். விடையை எழுதி வையுங்கள்.

சென்ற திங்கள் பஞ்சு வீட்டுக்குச் சென்றிருந்தோம். பள்ளித் தோழரையும் உடன் வரச் சொல்லியிருந்தோம். ஐம்பது ஆண்டுக்குப் பின் முகப்பு வாயில் வழியே அவர் உள்ளே வந்தார். தூணைத் தடவிப் பார்த்தார். "எங்க பூட்டி எடுத்த பருத்தி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாம் நீர் கொணர்ந்தோம். நம் பாட்டனார் குடித்த பித்தளைச் செம்பிலே.